வால்டர் ஷ்லாஸ்: மலிவாக வாங்கினால் மட்டும் போதுமா?

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி, 9 ஜூன் 2025

வால்டர் ஷ்லாஸ் என்று ஒரு அமெரிக்கர். காலேஜ் பக்கமே போகாதவர். கம்ப்யூட்டர் கிடையாது, செக்ரட்டரி கிடையாது. 47 வருஷம் மலிவான பங்குகளாகப் பார்த்து வாங்கி, தன்னிடம் பணம் போட்டவர்களுக்கு வருஷம் 21 சதவீதம் சம்பாதித்துக் கொடுத்தார் என்று படித்தேன். இது உண்மையென்றால் ஃபண்டு மேனேஜருக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? புத்தக மதிப்புக்குக் கீழே, அதாவது சொத்தில் கடனைக் கழித்துக் கணக்கில் நிற்கிற மதிப்புக்கும் கீழே கிடைக்கிற பங்குகளை நானே வாங்கிப் போட்டுவிட்டு நாற்றங்கால் வேலையைப் பார்க்கலாமே. கையில் 4 லட்சம் இருக்கிறது. போடலாமா?

10 ஜூன்

ஆள் உண்மை, கதையும் பெரும்பாலும் உண்மை. எனக்குப் பாபநாசம் பக்கம் உரக்கடை. 1994லிருந்து சந்தையில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். ஷ்லாஸ் பேச்சை எடுத்தால் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். நீளமாகத்தான் போகும்.

1916ல் நியூயார்க்கில் பிறந்தார். 1934ல், 18 வயதில், கார்ல் எம். லோப் என்ற தரகு நிறுவனத்தில் எடுபிடி வேலை. பங்குப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு ஓட வேண்டும். 1929ல் சந்தை கவிழ்ந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. வால் ஸ்ட்ரீட்டில் வேலை என்றால் பெண் கொடுக்க யோசித்திருப்பார்கள். அங்கே மேல் நாற்காலியில் இருந்த ஒருவர், மலிவுப் பங்கு வழிக்கு முன்னோடியான பெஞ்சமின் கிரகாம் எழுதியதைப் படி, அது போதும் என்றிருக்கிறார். படித்தார். கிரகாம் நடத்திய இரவு வகுப்புக்கும் போனார். காலேஜ் போகாதவர் என்பது சரி, ஆனால் படிக்காதவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாத்தியார் கிரகாம். அந்த வகுப்பு இந்த ஊரில் எந்த எம்பிஏவுக்கும் கிடைக்காது.

அப்புறம் போர், ராணுவம். திரும்பி வந்ததும் 1946ல் கிரகாமின் நிறுவனத்திலேயே வேலை. அங்கே ஒன்பது வருஷம். பக்கத்தில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்த சின்னப் பையன், பிற்பாடு பெரிய முதலீட்டாளரான வாரன் பஃபெட்.

அந்த நாளில் நடந்த ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது. ஹாலாய்ட் என்று ஒரு கம்பெனி, புதுவகை நகலெடுக்கும் முறைக்கு உரிமை வாங்கி வைத்திருந்தது. ஷ்லாஸ் அதை கிரகாமிடம் கொண்டுபோனார். போதுமான அளவுக்கு மலிவு இல்லை என்று கிரகாம் தள்ளிவிட்டார். அந்த ஹாலாய்ட்தான் பிற்பாடு ஜெராக்ஸ். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் 'இங்கு ஜெராக்ஸ் எடுக்கப்படும்' என்று போர்டு தொங்குகிறதே, அதேதான். இவ்வளவு பெரியதைக் கோட்டைவிட்ட பிறகும் ஷ்லாஸ் வாத்தியார் வழியைவிட்டு நகரவில்லை. நானாக இருந்தால் அடுத்த பத்து வருஷம் நகலெடுக்கிற கம்பெனியாகத் தேடி அலைந்திருப்பேன்.

1955ல் தனியாக வந்தார். 19 பேர் சேர்ந்து போட்ட பணம் 1 லட்சம் டாலர். சொந்த ஆபீஸ் இல்லை. ட்வீடி பிரவுன் என்ற நிறுவனத்தின் ஆபீசில் ஒரு மேசை. 1956ல் கோப்பு வைக்க ஒரு பீரோ இருந்ததாம், 2002ல் அது நாலாகப் 'பெருகியதாம்'. பஃபெட்டே தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

4 லட்சத்தைப் பற்றி நாளைக்கு.

12 ஜூன்

நாளைக்கு என்று சொன்னேன், நேற்று முடியவில்லை. இன்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். கடையில் டிஏபி கேட்டு நிற்கிற கூட்டத்தில் போனை எடுக்கவே முடியவில்லை. தண்ணீர் கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்கு வர இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் என்ன அவசரமோ.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1984ல் பஃபெட் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சு பேசினார், கிரகாமிடம் பாடம் கற்றவர்களின் கணக்கை வரிசையாக எடுத்துவைத்து. அதில் ஷ்லாஸைப் பற்றி, ஜனவரியா, திங்கட்கிழமையா, தேர்தல் வருஷமா என்றெல்லாம் அவர் பார்ப்பதே இல்லை என்றார். ஒரு ரூபாய்ப் பொருள் நாற்பது பைசாவுக்குக் கிடைத்தால் வாங்குவார், அவ்வளவுதான். என் மாமனார் ஆடி மாதம் பங்கு வாங்கமாட்டார். விற்பார், வாங்கமாட்டார்.

15 ஜூன்

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபண்டு மேனேஜருக்கு எதற்குக் காசு என்று தம்பி கேட்டிருந்தார்.

ஷ்லாஸ் நிர்வாகக் கட்டணம் என்று ஒரு டாலர்கூட வாங்கவில்லை. லாபம் வந்தால் அதில் 25 சதவீதம் எடுத்துக்கொள்வார். லாபம் இல்லாத வருஷத்தில் அவருக்கும் ஒன்றும் இல்லை. டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம், இதுதான் வாரம், விளைச்சலைப் பங்கு பிரிக்கிற சாகுபடி. விளைந்தால் பங்கு, விளையாவிட்டால் இருவருக்கும் பட்டை நாமம். நம் மியூச்சுவல் ஃபண்டு வாங்குவது ரொக்கக் குத்தகை. வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் செலவு விகிதம் என்று வருஷத்துக்கு ஒன்றரையோ இரண்டோ சதவீதத்தை நாள் கணக்கில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். ஷ்லாஸ் முறைதான் நியாயமான முறை. முதலீட்டாளருக்கு 21 சதவீதமும் போய்ச் சேர்ந்தது.

16 ஜூன், காலை

இந்த இழையைப் படிக்கிற திருவாரூர் டீச்சர் அம்மா என்னை நிற்க வைத்துவிட்டார். நேற்று நான் எழுதிய கடைசி வரி தப்பு. தம்பி கேள்வியில் இருந்த 21ஐ நான் சரிபார்க்காமல் அப்படியே தூக்கிப் போட்டுவிட்டேன்.

அந்த 1984 பேச்சோடு இருக்கிற அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 1956 தொடக்கத்திலிருந்து 28 வருஷம் 3 மாதம். மொத்த ஃபண்டின் வளர்ச்சி வருஷத்துக்கு 21.3 சதவீதம். ஷ்லாஸின் பங்கு போக முதலீட்டாளர் கைக்கு வந்தது 16.1 சதவீதம். அதே காலத்தில் அமெரிக்கச் சந்தையின் அளவுகோலான எஸ் அண்ட் பி குறியீடு 8.4.

டீச்சர் இதை ரூபாயில் போடச் சொன்னார். போட்டேன். 100 ரூபாய் குறியீட்டில் 987 ரூபாய் ஆகியிருக்கும். ஷ்லாஸிடம் கொடுத்தவருக்கு 6,779. ஷ்லாஸின் பங்கை எடுக்காமல் இருந்திருந்தால் 23,205.

கடைசி எண்ணைத் திரும்பப் பார்த்தேன். வருஷத்துக்கு ஐந்து சதவீதம் வித்தியாசம் 28 வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு வித்தியாசமாக நிற்கிறது. 'நியாயமான முறை' என்று நேற்று எழுதிய கையால் இன்று அதைத் தொடத் தயக்கமாக இருக்கிறது.

16 ஜூன், இரவு

இல்லை, தயங்க வேண்டியதில்லை. அந்த 23,205 யாருக்கும் எப்போதும் கிடைக்கக்கூடிய தொகையே இல்லை. ஷ்லாஸ் சும்மா உழைக்க வேண்டுமென்றால்தான் அது வரும். அவரை விட்டால் வேறு வழி 987தான். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் எப்போது ஒத்துக்கொண்டார்.

21 ஜூன்

டீச்சர் மறுபடியும். இந்தத் தடவை என் வார உவமையையே கவிழ்த்துவிட்டார்.

அவர் கேட்டது: "வாரம் என்கிறீர்களே, இதில் மிராசுதார் யார், சாகுபடி செய்பவர் யார்?"

நான் பாட்டுக்கு ஃபண்டு மேனேஜரை நிலக்காரர் இடத்தில் உட்கார வைத்து எழுதிவிட்டேன். குத்தகை 'வாங்குகிறார்' என்று. ஆனால் நிலம், அதாவது பணம், முதலீட்டாளருடையது. மேனேஜர்தான் இறங்கி உழுகிறவர். அப்படிப் பார்த்தால் ஷ்லாஸ் உழுதவர், உழுதவர் எடுத்தது கால் பங்கு, நிலக்காரருக்கு முக்கால். நம்மூரில் 1956ல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சையில் நிலக்காரருக்கு 40 சதவீதம் என்று வைத்தது. பிற்பாடு அதைத் திருத்தி 25 ஆக்கினார்கள், உழுகிறவருக்கு 75. ஷ்லாஸ் கிட்டத்தட்ட அதே சமயத்தில் தலைகீழ்க் கணக்கில் இறங்கியிருக்கிறார். எங்கள் தாத்தா உயிரோடு இருந்தால் ஷ்லாஸுக்கு ஒரு வேலி நிலத்தை உடனே வாரத்துக்கு விட்டிருப்பார்.

அப்படியானால் மியூச்சுவல் ஃபண்டு வாங்குவது குத்தகையும் இல்லை. கூலி. அதுவும் எப்படிப்பட்ட கூலி என்று இரண்டு நாள் யோசித்தேன். அறுவடை மெஷின் கூலி! மெஷின் மணிக்கு இவ்வளவு என்று வருகிறது. ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது என்பது டிரைவருக்குத் தேவையில்லாத விஷயம். எத்தனை மணி நேரம் ஓடியது, அடுத்து யார் வயல், அதுதான் கணக்கு. நல்ல டிரைவர் இருக்கிறார்கள், கதிர் சிந்தாமல் அறுப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு ஆதாயம் வயல் எண்ணிக்கையில், விளைச்சலில் இல்லை.

ஃபண்டு நிறுவனத்துக்கும் நிர்வகிக்கிற தொகைக்கு இவ்வளவு என்றுதான் வருமானம். அதனால் தொகை பெருக வேண்டும். விளம்பரம், ஏஜென்ட், புதுத் திட்டம் எல்லாம் வயல் சேர்க்கும் வேலை. ஷ்லாஸுக்கு வயல் சேர்த்துப் பிரயோஜனம் இல்லை. அளவுக்கு மேல் சேர்த்தால் சின்னச் சின்ன மலிவுச் சரக்கை வாங்கவே முடியாது, விளைச்சல் குறையும், தன் கால் பங்கும் குறையும். ஒரு மேசை, ஒரு மகன், நாலு பீரோவோடு 47 வருஷம் எப்படி ஓட்டினார் என்று முன்பெல்லாம் எளிமை, சிக்கனம் என்று வியந்து பேசுவேன். இப்போது எனக்கு அது கூலி பேசிய விதத்தின் விளைவாகத்தான் தெரிகிறது.

பட்டுக்கோட்டை ஐயா கேட்டதற்கு: ஆமாம், லாபத்தில் பங்கு என்ற முறை இங்கேயும் உண்டு, பணக்காரர்களின் பணத்தைத் தனித்தனியாக நிர்வகிக்கிற போர்ட்ஃபோலியோ சேவைகளில். முன்பு தொட்ட உச்சத்தைத் தாண்டினால்தான் பங்கு எடுக்கலாம் என்று சந்தையைக் கண்காணிக்கிற செபியின் விதியே இருக்கிறது. குறைந்தபட்சம் 50 லட்சம் வேண்டும். நானும் நீங்களும் வாசலோடு சரி.

25 ஜூன்

மன்னார்குடித் தம்பி தனியாக எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். அந்த 4 லட்சத்தில் இரண்டு லட்சம் நகைக்கடன்.

தம்பி, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் நியூயார்க் வரைக்கும் போயிருக்கவே மாட்டேன். நகையை மீட்டு வீட்டில் கொடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

கடன் இருக்கிற கம்பெனியை ஷ்லாஸ் தொடத் தயங்குவார். அப்படியிருக்க, கடன் வாங்கி அவர் வழியில் போவதாவது. 1973, 74 இரண்டு வருஷமும் அமெரிக்கச் சந்தை அடுத்தடுத்து விழுந்தது. முதல் வருஷம் சுமார் 15 சதவீதம், அடுத்த வருஷம் 26. ஷ்லாஸுக்கும் இரண்டு வருஷமும் நஷ்டம்தான், ஒற்றை இலக்கத்தில் நின்றது. மகன் எட்வின் அவரோடு சேர்ந்தது சரியாக 1973ல். நம் பக்கமாக இருந்தால் பையன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஓடியிருப்பார்கள். அவர் அசையவில்லை. அசையாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் குணம் மட்டும் இல்லை, வட்டி கேட்டு வாசலில் யாரும் நிற்கவில்லை.

4 ஜூலை

புத்தக மதிப்புக்குக் கீழே என்றால் மலிவுதானே, இதில் என்ன யோசனை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் ஆலைக் கதையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அதற்கு முன்னால் குத்தூசி. களத்துக்கு வருகிற நெல் வியாபாரி தராசைத் தொடுவதற்கு முன்னால் குத்தூசியை மூட்டையின் வயிற்றில் சொருகுவார், வாயில் இல்லை, நடு வயிற்றில். வாயில் நல்ல நெல்லைப் போட்டிருப்போம் என்று அவருக்குத் தெரியும். ஊசிக் குழியில் வந்த நெல்லை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து ஒரு ஊது ஊதுவார், கருக்காய் பறக்கும். மிச்சத்தில் இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ச்சல் சரி. மெத்தென்று நசுங்கினால் ஈரம். ஈர நெல் தராசில் நன்றாக எடை காட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைத்தால்தான் வாங்கியது தண்ணீர் என்று தெரியும். அதற்காகத்தான் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் ஈரப்பதம் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள்.

2012ல் ஒரு பழைய நூற்பாலைப் பங்கை வாங்கினேன், பெயர் வேண்டாம். புத்தக மதிப்பு 112 ரூபாய், சந்தையில் 38. கடன் அநேகமாக இல்லை. பல வருஷத்தில் இல்லாத அடிமட்ட விலை. ஷ்லாஸ் பார்க்கிற குறி எல்லாம் இருந்தது. ஆலைக்குச் சொந்தமாக ஊரை ஒட்டி நிலம் வேறு, அதுவும் எந்தக் காலத்துப் பழைய விலையிலோ கணக்கில் நின்றது. எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

ஊதிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த 112ல் ஒரு பகுதி, இரும்பு விலைக்குக்கூடப் போகாத பழைய மெஷின்கள். இன்னொரு பகுதி, வருகிறது வருகிறது என்று வராமலே இருக்கிற பாக்கி. உரக்கடைக்காரனுக்கு வராத பாக்கியைப் பற்றி ஒருத்தன் சொல்லித்தர வேண்டுமா? என் நோட்டிலேயே 2009 தாளடிப் பாக்கி இன்னும் எழுதி இருக்கிறது. அதை நான் சொத்து என்று எண்ணுவதில்லை, ஆனால் ஆலையின் நோட்டில் இருந்ததை எண்ணிவிட்டேன்.

நிலம் உண்மைதான். ஆனால் முதலாளி குடும்பத்திடம் 74 சதவீதப் பங்கு. இங்கே பட்டியலிட்ட கம்பெனியில் பொதுமக்களிடம் 25 சதவீதம் இருந்தால் போதும் என்பது விதி. மறுபடியும் அதே 25, இந்த இழையில் எங்கே தோண்டினாலும் வருகிறது. முக்கால் பங்கு வைத்திருப்பவர் விற்கமாட்டேன் என்றால் கால் பங்கு என்ன செய்யும்? அமெரிக்காவில் அந்தக் காலத்தில் யாராவது பங்கைச் சேர்த்து உள்ளே நுழைந்து நிர்வாகத்தை மாற்றினார்கள், கம்பெனியைக் கலைத்துப் பணத்தைப் பிரித்தார்கள். கிரகாமே அப்படிப் போராடியிருக்கிறார். சொத்தின் விலை என்றாவது ஒருநாள் வெளியே வரும் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஒரு ஆதாரம் இருந்தது.

2014ல் பொதுக்குழுவுக்கே போய்விட்டேன். ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். ஒரு அட்டைப் பெட்டியில் மைசூர்பாகு, மிக்சர், அப்புறம் காபி. எழுந்து நிலத்தைப் பற்றிக் கேட்டேன். மேடையில் இருந்தவர் ரொம்ப மரியாதையாக, "ஐயாவின் யோசனையை நிர்வாகம் பரிசீலிக்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "போன வருஷம் நான் கேட்டேன், எனக்கும் இதேதான்" என்று சொல்லிவிட்டு என்னிடம் மிச்சமிருந்த மிக்சரைக் கேட்டார்.

ஷ்லாஸ் கம்பெனிக்காரர்களிடம் பேசமாட்டார் என்று சொல்வார்களே, அதன் அருமை மண்டபத்து வாசலில்தான் புரிந்தது. நல்லவிதமாகப் பேசுகிறவரைப் பார்த்தால் நமக்குக் கணக்கு மறந்துவிடும். நான் திரும்பி வந்து இன்னும் 200 பங்கு வாங்கினேன்.

5 ஜூலை

இப்போதைய விலை கேட்டவர்களுக்கு: 51. பதிமூன்று வருஷத்தில். அஞ்சலகத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டீச்சர் கணக்குப் போட வேண்டாம். நானே போட்டுவிட்டேன்.

19 ஜூலை

பட்டுக்கோட்டை ஐயா நல்ல விஷயம் எழுதியிருக்கிறார். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது அவர் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. பக்கத்துத் தோப்பு அடிமாட்டு விலைக்கு வந்ததாம், வாங்கவில்லையாம். அதை நினைத்து இன்னமும் வருத்தமாம். ஷ்லாஸ் அதைத்தானே செய்தார் என்று கேட்கிறார்.

ஐயா, அவர் ஒரு தோப்பை வாங்கவில்லை, நூறு தோப்பில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினார். எந்த நேரமும் நூறு கம்பெனிக்குக் குறையாமல் வைத்திருப்பார். பஃபெட்டுக்கே இதில் உடன்பாடு இல்லை, அவர் சிலதை மட்டும் ஆழமாகத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர். ஆனால் ஷ்லாஸிடம் யார் பேச்சும் எடுபடாது, அதுவே அவர் பலம் என்று அதே பேச்சில் சொல்லியிருக்கிறார். ஷ்லாஸுக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. தனித்தனியாகக் கம்பெனியை அலசி எதிர்காலம் சொல்லும் ஆள் தானில்லை, நூற்றில் சில பதராகப் போகும், எது என்று முன்கூட்டித் தெரியாது, மொத்தத்தில் தேறும். நான் செய்த தப்பு ஆலையை வாங்கியதில் இல்லை. அன்றைக்கு என்னிடம் இருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அதில் போட்டதில்.

அவருக்கும் சும்மா கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் கிரகாம் சொன்ன கணக்கு: கையிருப்பு, சரக்கு, வரவேண்டியது எல்லாவற்றையும் கூட்டி, எல்லாக் கடனையும் கழித்து, மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான விலையில் வாங்க வேண்டும். கட்டடமும் மெஷினும் இனாம். பொருளாதார மந்தத்துக்குப் பிந்திய காலத்தில் அப்படிப்பட்ட பங்குகள் கிடைத்தன. பிறகு வற்றிப்போயின. அப்போதுதான் கட்டடம், மெஷினையும் சேர்த்த புத்தக மதிப்புக்கு அவர் வந்தார். தண்ணீர் இறங்க இறங்கக் கிணற்றை ஆழப்படுத்துகிற மாதிரி. கடைசியில் அதுவும் கிடைக்காமல் போகவே 2000க்குப் பிறகு கடையைக் கட்டத் தொடங்கினார், 2003க்குள் வெளியார் பணத்தை நிர்வகிப்பதையே நிறுத்திவிட்டார். கட்டணத்துக்கு வேலை செய்கிறவர் யாராவது, வாங்க ஒன்றும் இல்லை, உங்கள் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வாரா? 2012ல் இறந்தபோது வயது 95.

22 ஜூலை

நேற்று விலையை போனில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணினேன். 11. ஷ்லாஸ் காலை ஒன்பதரைக்கு வந்து நாலரைக்குக் கிளம்பிவிடுவாராம். என் பையன் சொல்கிறான், "அப்பா, நீங்க கழிப்பறையிலயும் டிரேடிங் பண்றீங்க." டிரேடிங் இல்லடா, பார்க்க மட்டும்தான் செய்கிறேன்.

3 ஆகஸ்ட்

பதினெட்டாம் பெருக்கு. வீட்டில் எல்லோரும் காவிரிப் படித்துறைக்குப் போய்விட்டார்கள், நான் கடையில். எழுத நேரம் கிடைத்தது.

ஆலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மலிவுப் பங்கு என்றாலே ஏமாற்று என்ற முடிவுக்குச் சிலர் போய்விட்டார்கள். அது சரியில்லை. பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். 1999லிருந்து இப்படி 'மலிவு' என்று வாங்கியது 22 கம்பெனி. நாலு காகிதமாகிவிட்டது, அதில் மூன்றில் கடன் இருந்தது, வாங்கும்போதே தெரியும். ஆறு இன்னும் தூங்குகிறது, ஆலையையும் சேர்த்து. பன்னிரண்டில் லாபம். 2020 மார்ச் 23ந்தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்ததே, அந்த வாரத்தில் கை நடுங்க வாங்கிய மூன்றும் இந்தப் பன்னிரண்டில் அடக்கம்.

ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒன்பதை ஒன்றரை மடங்கானதும் விற்றுவிட்டேன். ஷ்லாஸும் சீக்கிரம் விற்கிறவர்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அதில் ஒன்று பிறகு ஒன்பது மடங்கு போனது. அவர் விற்ற பணத்தில் அடுத்த மலிவுச் சரக்கை வாங்கினார், நான் கடைக்குக் கூரை போட்டேன். இது அவர் வழியில் போனதாக ஆகுமா என்ன?

(கூரை நல்ல கூரை. ஒழுகவில்லை.)

4 ஆகஸ்ட்

இருபத்திரண்டு என்று எழுதியது தப்பு, இருபத்துமூன்று. ஒரு சர்க்கரை ஆலையை மறந்துவிட்டேன், வேண்டுமென்றே மறந்திருப்பேன் போல. காகிதமானது ஐந்து. கடனோடு இருந்தது நாலு.

30 ஆகஸ்ட்

தம்பியிடமிருந்து சேதி. நகையை மீட்டாயிற்று. வீட்டில் எனக்கு நன்றி சொல்லச் சொன்னார்களாம். மிச்சம் இரண்டு லட்சத்தில் ஒன்றை, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுகிற ஒரு குறியீட்டு ஃபண்டில் நேரடித் திட்டமாகப் போட்டிருக்கிறார், ஏஜென்ட் கமிஷன் இல்லாமல். இன்னொன்றைப் பத்துப் பத்தாயிரமாக மலிவுப் பங்குகளில் போடப்போகிறாராம், ஷ்லாஸ் ஆசை விடவில்லை. பட்டியல் அனுப்பினார். அதில் என் ஆலையும் இருக்கிறது!

"அதை ஏன் எடுத்தீர்கள்" என்று கேட்டேன். "நீங்கள்தானே ஐயா கடன் இல்லை, நிலம் உண்மை என்று எழுதினீர்கள்" என்கிறார்.

18 அக்டோபர்

ரொம்ப நாள் எழுதவில்லை. குறுவை அறுப்பு, நடுவில் மழை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவியல் தார்ப்பாய் போட்டுக் கிடக்கிறது. பகலில் வெயில் வந்தால் விரிக்கிறோம், மேகம் கூடினால் அள்ளுகிறோம். நேற்று ஈரப்பத மீட்டரில் 21 காட்டியது. நாலு நாள் முன்னால் 19. காயவைக்கக் காயவைக்க ஏறுகிறது.

எங்கள் நிலத்தை வாரத்துக்குப் பார்க்கிறவர் அந்தக் குவியல் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். மெஷின் டிரைவர் மணிக் கணக்கை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு அறந்தாங்கிப் பக்கம் போய் பத்து நாள் ஆகிறது. ராத்திரி டீ கொண்டுபோனேன். வரும் வருஷம் ரொக்கக் குத்தகைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று நான்தான் கேட்டேன், எனக்கும் இந்த மழையைப் பார்க்கிற தெம்பு போய்விட்டது. "ஏங்க, நல்லா விளையற வருசம் வந்தா உங்களுக்கு நட்டமாயிடுமே" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆலையின் ஆண்டறிக்கை வந்திருக்கிறது. நிலம் அதே பழைய விலையில் கணக்கில் நிற்கிறது. நடப்பு விலை 49. தம்பி 47க்கு வாங்கினாராம், லாபத்தில் இருக்கிறார்.